கனகாம்பிகை காத்திருந்த குடியரசு

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் யோகராஜாவைத் தெரியாத தமிழர்கள் குறைவு. தெரிந்தவர்கள் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் சொல்வது ஒரே விஷயத்தைத்தான். "அந்த மனுசன் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேலை. இன்னும் சிற்றிசன் எடுக்கேல்லை." சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் சேராத ஒரே ஆள் அவருடைய மனைவி கனகாம்பிகை.

பிரஜாவுரிமை எடுப்பதென்றால் கவுன்சில் மண்டபத்தில் எழுந்து நின்று, அரசமுடிக்கும் அதன் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடவுள் பேரில் சொல்லலாம், கடவுள் இல்லாமலும் சொல்லலாம். முடி இல்லாமல் சொல்ல வழியில்லை. யோகராஜாவுக்குச் சிக்கல் அந்த ஒரு வசனத்தில்தான். இந்த நாட்டில் உழைத்தார், வரி கட்டினார், பொதுநலவாய நாட்டுக்காரருக்கு உரிமை இருந்ததால் தேர்தலுக்குத் தேர்தல் போய் வாக்கும் போட்டார். பெற்றோல் ஷெட்டில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்ற வருஷங்களில் அவர் கை படாத மகாராணி நோட்டு இருந்திருக்காது. ஆனால் அந்த வசனத்தை மட்டும் சொல்லமாட்டேன் என்றார்.

சொல்லாததால் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை. நிரந்தரமாக இருக்க அனுமதி இருந்தது. அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பாரிஸுக்குப் போகலாம், கனடாவுக்கு விசா கேட்கலாம். இலங்கைக்கு மட்டும் போக முடியாது, அதிலேயே அப்படி அச்சடித்திருந்தது. இலங்கைத் தூதரகத்தில் போய்ப் பாஸ்போட் கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று விட்டார். ஆக, யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருந்த தங்கச்சியைக் கனகாம்பிகை போய்ப் பார்ப்பதற்கு பிரித்தானியப் பாஸ்போட் என்ற ஒரே வழிதான் மிச்சம் இருந்தது. அந்த வழியில் அவருடைய வாய் குறுக்கே நின்றது.

பிடிவாதம் என்று ஊர் சொல்லும். பிடிவாதம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது சும்மா முளைத்த பிடிவாதம் அல்ல.

எழுபத்திரண்டாம் ஆண்டு மே மாதம் இலங்கை குடியரசானபோது யோகராஜா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞர். அதுவரைக்கும் லண்டன் மகாராணிதான் நாட்டுக்கும் ராணி. இனி ராணி இல்லை, மக்களே மன்னர் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பழைய அரசியலமைப்பில், ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் போடக்கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. புதியதில் அது இல்லை. இங்கே நியாயம் கிடைக்காவிட்டால் லண்டன்வரை போய் முறையிடலாம் என்றிருந்த வழியையும் அடைத்தாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் கறுப்புக் கொடி ஏறியது. அரசாங்க உத்தியோகத்தர்கள் எல்லாரும் புதிய குடியரசுக்கு விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது.

கச்சேரியில் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொல்லச் சொன்னார்கள். யோகராஜா உதட்டை மட்டும் அசைத்தார், சத்தம் வரவில்லை. அவருக்குப் பக்கத்து மேசைக்காரன் றெஜினோல்டும் அதையேதான் செய்தான். மேலதிகாரியான பிரதம லிகிதருக்கு அது தெரிந்தது, அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் மத்தியானம் தேத்தண்ணிக் கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எண்பத்துமூன்றில் அந்த வித்தை பலிக்கவில்லை. ஆடிக் கலவரத்தில் தமிழர்களின் வீடும் கடையும் எரிந்து ஒரு மாதம் ஆகவில்லை, அரசியலமைப்பை இன்னொரு தடவை திருத்தினார்கள். தனிநாடு கேட்கமாட்டேன், கேட்பவர்களுக்குத் துணை போகமாட்டேன் என்று ஒவ்வோர் உத்தியோகத்தனும் சத்தியம் செய்து ஒப்பமும் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வேலை இல்லை. அடிபட்டவனையே கூப்பிட்டு, இனிமேல் ஒழுங்காக இருப்பேன் என்று எழுதித் தரச் சொன்ன கதை அது. றெஜினோல்ட் அந்தத் தாளைப் பார்த்தான், குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் பிறகு கச்சேரிப் பக்கம் வரவேயில்லை. யோகராஜா ஒப்பம் வைத்தார்.

அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கனகாம்பிகையின் தகப்பன் அரசாங்க உத்தியோகம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பெண்ணைக் கொடுத்திருந்தார். வேலையை விட்டுவிட்டு மாமனாருக்கு முன்னால் போய் எப்படி நிற்பது. அதனால் வைத்தார். றெஜினோல்ட் பிறகு ஆஸ்பத்திரி வீதியில் சைக்கிள் கடை போட்டான். யோகராஜாவைக் கண்டால் எழுந்து நின்று கதிரையை இழுத்துப் போடுவான். ஒரு சொல் குற்றமாகச் சொன்னதில்லை. அந்தக் கதிரையில் உட்கார யோகராஜாவால் ஏலவில்லை. நாலைந்து மாதத்தில் அந்த வீதியால் போவதையே விட்டுவிட்டார். இனி எந்த ராசாவுக்கும் எந்தக் குடியரசுக்கும் என்ரை வாயாலை சத்தியம் இல்லை என்று அப்போது மனதுக்குள் எழுதி வைத்ததுதான்.

தொண்ணூறில் புருஷனும் பெண்சாதியுமாக வெளிக்கிட்டு, வள்ளத்தாலும் பஸ்ஸாலும் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லண்டன் வந்து இறங்கினார்கள். அடுத்த வருஷம் மகள் பிரசாந்தினி பிறந்தாள். அவள் இந்த மண்ணில் பிறந்ததால் கொஞ்ச காலத்தில் அவளுக்குப் பாஸ்போட் கிடைத்தது. அவளிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை.

கனகாம்பிகையின் தாய் செத்த செய்தி போனில் வந்தது. அன்றைக்கு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதாள். யோகராஜா வெளியே நின்று குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வீணாகப் போகிறது என்று மட்டும் ஏதோ சொன்னார்.

பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கிய காலத்தில் பிரசாந்தினி தாயைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீங்க தனிய அப்பிளை பண்ணுங்கோ. அப்பா சொல்லாட்டி அது அப்பாட பிரச்சினை."

"நான் போய்ச் சொல்லலாம் பிள்ளை. எனக்கென்ன," என்றாள் கனகாம்பிகை. "ஆனால் சோடியா வெளிக்கிட்டு வந்தனாங்கள். தனியப் போய் இறங்கினால் சனம் என்ன கேக்கும்? மனுசன் எங்கை எண்டு கேக்கும். சத்தியம் பண்ண ஏலாதாம், அதாலை வீட்டிலை இருக்கிறார் எண்டு நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறதோ? அவர் வராமல் நான் போகமாட்டன்."

இதைச் சொல்லும்போது அவள் கோபப்படவில்லை. சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டேதான் சொன்னாள். யோகராஜா பக்கத்து அறையில் இருந்தார், அவருக்கும் கேட்டது. கேட்டு உள்ளூரப் பெருமைப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தன் கொள்கைக்குப் பெண்சாதியும் துணை நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகளுக்கு இப்படியான இடங்களில் காது கேட்கும், விளங்காது.

பிறகு வாசுதேவன் வந்து சேர்ந்தார். பக்கத்து ஊரான ஸ்ட்ரெதத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டாக்டர், திருச்சிக்காரர். மிச்சம் நூல்நிலையத்தில் ஒரே பேப்பருக்கு இரண்டு பேரும் கை நீட்டியதில் தொடங்கிய சிநேகம். இந்த நாட்டிலும் மன்னராட்சி போக வேண்டும், எழுதிவைத்த அரசியலமைப்பு ஒன்று வர வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் போய் மஞ்சள் பதாகை பிடிக்கிறவர் அவர்.

"எங்களுக்கு ஜனவரி இருபத்தாறுன்னா ஸ்கூல்ல கொடி ஏத்தி மிட்டாய் குடுப்பாங்க சார்," என்றார் வாசுதேவன். "குடியரசுங்கற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு நாக்குல இனிக்கும்."

"எங்களுக்குக் குடியரசு வந்த அண்டைக்குக் கறுப்புக் கொடி," என்றார் யோகராஜா.

"அப்போ நீங்க ராஜா பக்கமா?"

"இல்லை டாக்குத்தர். ராசா எண்டால் பிறப்பாலை ஒருத்தன் மேலை. எங்கடை குடியரசெண்டால் தொகையாலை கூடின ஆக்கள் மேலை. கீழை நிக்கிறவனுக்கு என்ன வித்தியாசம்? அரசியலமைப்பை எழுதலாம், திருத்தலாம், எல்லாம் செய்யலாம். எழுதுற மேசையிலை ஆர் இருக்கினம் எண்டதிலைதான் விசயம் கிடக்கு. எங்கடையை எழுதேக்கை எங்கடை ஆக்களின்ரை சொல் ஒண்டும் ஏறேல்லை."

"அதைத்தான் சார் நானும் சொல்றேன். எல்லாரையும் உட்கார வச்சு எழுதணும். ஒருத்தன் பேரைச் சொல்லிச் சத்தியம் வாங்காத நாடா இருக்கணும்."

சத்தியம் வாங்காத நாடு. அந்தச் சொல் யோகராஜாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து கனகாம்பிகையிடம் அறிவித்தார். "இஞ்சை குடியரசு வரட்டும். அந்தச் சத்தியத்தை எடுக்கட்டும். அடுத்த நாளே நான் சிற்றிசனுக்கு அப்பிளை பண்ணுறன். நாங்கள் ரெண்டு பேரும் ஊருக்குப் போறம்."

அதிலிருந்து கனகாம்பிகையின் கோண்டாவில் பயணம் ஐக்கிய இராச்சியத்தின் அரசியலமைப்புத் திருத்தத்தில் தொங்கிக்கொண்டு கிடந்தது. அவள் அரசியல் பேசுகிறவள் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு ரீவீயில் அரண்மனைச் செய்தி வந்தால் உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினாள். தங்கச்சி போனில் எப்ப வாறாய் அக்கா என்று கேட்டால், "இஞ்சை குடியரசு வந்தவுடனை வாறன்" என்பாள். தங்கச்சி அது ஏதோ அரசாங்கக் கந்தோர் அலுவல் என்று நினைத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் கனகாம்பிகைக்கு மகாராணியைப் பிடிக்கும். அவர் இறந்தபோது பக்கத்து வீட்டுப் பெர்னடெற்றோடு போய் தேம்ஸ் கரையில் அஞ்சலிக்காக நீண்டு கிடந்த அந்த வரிசையில் நின்றாள். கால் வீங்கி வீடு வந்து சேர்ந்தவளை யோகராஜா கேலி செய்தார். என்ன வரம் கேட்டாய் என்று கேட்டார்.

"ஒண்டும் கேக்கேல்லை. எங்களை உள்ளுக்கு விட்டதுக்கு ஒரு நன்றி சொன்னன். நீங்கள் சொல்லமாட்டியள். ஆராவது சொல்லத்தானே வேணும்," என்றாள்.

அடுத்த வருஷம் புது மன்னருக்கு முடிசூட்டு விழா. வாசுதேவன் பதாகை பிடிக்கக் கூப்பிட்டார். மழை பெய்தது, யோகராஜாவுக்கு முழங்கால் நோவு, போகவில்லை. ரீவீயையும் பார்ப்பதில்லை என்று குசினிக்குள் போய் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். முன்னறையில் கனகாம்பிகையும் பெர்னடெற்றும் ரீவீக்கு முன்னால் இருந்தார்கள்.

ஒரு கட்டத்தில், விரும்பியவர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே மன்னருக்கு விசுவாசம் சொல்லலாம் என்று திருச்சபைப் பெரியவர் அழைத்தார். யோகராஜாவுக்குக் கதிரை அரக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். கனகாம்பிகை எழுந்து நின்றாள். சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். நெஞ்சில் கையை வைத்து, ரீவீயில் வந்த வசனத்தைத் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், ஒரு சொல் முன்னே ஒரு சொல் பின்னே, உரக்கச் சொன்னாள். பெர்னடெற் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்ன விசரோ? ரீவீக்குச் சத்தியம் பண்ணுறாய்," என்று குசினி வாசலில் கத்தியோடு வந்து நின்றார் யோகராஜா.

"வீட்டிலை ஒராள் சொன்னால் காணாதோ? அவங்கள்தானே வீட்டிலை இருந்து சொல்லலாம் எண்டாங்கள்," என்றாள். பிறகு சிரித்தாள். "சும்மா பகிடிக்குத்தான். ஆனால் இஞ்சருங்கோ, வாய் ஒண்டும் நோகேல்லை."

அது முழுக்கப் பகிடி இல்லை என்று யோகராஜாவுக்குத் தெரிந்தது. அவள் கண்ணில் ஒரு கேள்வி நின்றது, ஒருவேளை இது கணக்கில் சேர்ந்துவிடுமோ என்பது போல. அவர் திரும்பிப் போய் வெங்காயத்தை எடுத்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வா, ரெண்டு பேருமாய்ப் போய்ச் சொல்லுவம் என்று ஒரே வார்த்தை. சொல்லவில்லை.

அதற்கடுத்த மாசியில் கனகாம்பிகை போய்விட்டாள். நெஞ்சு நோகிறது என்று காலையில் சொன்னாள், அம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன வேகத்தில் முடிந்துவிட்டது. கடைசி வார்த்தை என்று ஒன்றும் கிடையாது. மத்தியானத்துக்கு முருங்கைக்காய் வைக்கவோ என்று கேட்டதுதான் அவள் அவரிடம் கடைசியாகக் கேட்டது. தங்கச்சிக்கு அந்த மாதம் கண்ணில் வெண்புரை அறுக்க நாள் குறித்திருந்தது. "கண் தெரியிறபோதே ஒருக்கா வா அக்கா" என்று முதல் வாரம்தான் போனில் அழுதிருந்தாள்.

சாம்பலை வாங்கிக்கொண்டு வந்து யோகராஜா அலுமாரிக்குள், அவளுடைய சீலைகளுக்கு நடுவில் வைத்தார். முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்தது. சாம்பல் அங்கேயே இருந்தது. வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது என்று பெர்னடெற்கூடச் சொன்னாள், அவள் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். ஆர்ச்வே முருகன் கோயில் ஐயரிடம் கேட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலுக்கு அனுப்ப வசதி இல்லாவிட்டால் தேம்ஸில் கரைக்கலாம், எல்லாம் ஓடிப்போய்ச் சேருவது கடலில்தான் என்றார் அவர்.

"நான் கொண்டுபோறன் அப்பா," என்றாள் பிரசாந்தினி. "என்னட்டை பாஸ்போட் இருக்கு. வேலையிலை லீவும் தருவாங்கள். சித்தியையும் பாக்கலாம்."

"இல்லைப் பிள்ளை. நான் வராமல் போகமாட்டன் எண்டவள்," என்றார் யோகராஜா.

"அப்பா, அது அம்மா உயிரோட இருக்கேக்கை சொன்னது."

"சொன்னது சொன்னதுதானே."

அப்படிச் சொன்னபோதுதான் அவருக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் உண்மையாகச் சத்தியம் செய்தவள் அவள்தான். அரிசி களைந்தபடி, ஒரு சாட்சியும் ஒப்பமும் இல்லாமல் சொன்னாள். தாய் செத்தபோதும் மீறவில்லை, தங்கச்சி அழுதபோதும் மீறவில்லை. அவருடையது கச்சேரியில் பட்ட வெட்கம். அதைக் கொள்கை என்று பெயர் வைத்து முப்பது வருஷம் சுமந்ததும் அவளைக் கொண்டு சுமப்பித்ததும் அவர்தான்.

துக்கம் விசாரிக்க வந்த வாசுதேவனிடம் யோகராஜா ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார். "டாக்குத்தர், நீங்கள் எந்தப் பாஸ்போட்டிலை போய் வாறனீங்கள்?"

"பிரிட்டிஷ்தான் சார். எண்பத்தஞ்சிலேயே எடுத்துட்டேன்," என்றார் வாசுதேவன்.

"அப்ப சத்தியம்?"

"ஆமா, பண்ணேன். அப்போல்லாம் வக்கீல் முன்னாடி படிச்சுக் கையெழுத்துப் போடறது. அது ஒரு சடங்கு சார். அப்பாவுக்கு முடியாம இருந்தது, அடிக்கடி வந்து போகணும், விசா தொல்லை. சொல்லிட்டேன். சொல்லிட்டுத்தான் இத்தனை வருஷமா போர்டு புடிக்கிறேன். சொன்னா எதிர்க்கக் கூடாதுன்னு யார் சொன்னா?" கொஞ்சம் நிறுத்தினார். "நீங்களும் எடுத்துட்டீங்கன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்."

யோகராஜாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. தகப்பனைப் பார்க்கப் போவதற்காக ஒரு மனிதன் ஒரு வசனத்தைச் சொல்லியிருக்கிறான். அவ்வளவு இலேசாக அதைச் செய்யலாம் என்று தனக்கு ஏன் தெரியாமல் போனது என்றுதான் நினைத்தார். வாசுதேவன் போன பிறகு மகளைக் கூப்பிட்டு, அப்பிளை பண்ணு என்றார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

மாதங்கள் போயின. தங்கச்சிக்குக் கண் சரியாகிவிட்டது, வாட்ஸ்அப்பில் முகம் காட்டி அழுதாள். இங்கே குடியரசு வரவில்லை, வரும் என்ற சிலமனும் இல்லை. கடைசியில் அனுமதி வந்து, கவுன்சில் மண்டபத்தில் வைபவத்துக்கு நாளும் வந்தது.

கனகாம்பிகை வாங்கிக் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு மகளோடு பஸ்ஸில் போனார். பஸ்ஸுக்குள் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். உதட்டை மட்டும் அசைப்பது. ஒருதடவை பலித்த வித்தைதானே. கூட்டத்தோடு கூட்டமாகச் சொல்வது, ஒருவருக்கும் தெரியாது. பாஸ்போட்டும் கிடைக்கும், வாயும் சுத்தமாக இருக்கும். எழுபத்தேழு வயதிலும் மனிதனுடைய புத்தி எங்கே ஓடுகிறது பாருங்கள்.

மண்டபத்தில் மன்னரின் படம், இரண்டு பக்கமும் கொடி. கானாக்காரர், போலந்துக்காரர், பிரேசில்காரி என்று வரிசையாகக் கதிரைகள். எல்லாரும் பெருநாளுக்கு வந்ததுபோல் உடுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சோமாலியக் குடும்பம் இருந்தது, புருஷனும் பெண்சாதியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யோகராஜா அவர்களைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தார். பிரசாந்தினி பின்னால் விருந்தினர் வரிசையில் உட்கார்ந்தாள்.

பதிவதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னார். நான் துண்டு துண்டாகச் சொல்வேன், திருப்பிச் சொல்லுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார். சொல்லிக்கொண்டே வரிசைகளுக்கு நடுவால் மெல்ல நடக்கத் தொடங்கினார். யோகராஜா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி அவருக்குப் பக்கத்தில் வந்து, காதை அவர் பக்கம் சற்றுச் சாய்த்தார். அதட்டல் இல்லை, முகத்தில் ஒரு புன்னகை.

அவருக்கு அந்த நேரம் முன்னறைதான் ஞாபகம் வந்தது. மழை, ரீவீ, சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்து நின்ற கனகம். ஒரு சொல் முன்னே ஒரு சொல் பின்னே, யாருடைய கணக்கிலும் சேராத அந்தச் சத்தியம். இதே வசனத்தை இதே மண்டபத்தில் நின்று அவர் முன்பே சொல்லியிருந்தால் அவள் தங்கச்சி வீட்டுக் கிணற்றடியில் இருந்திருப்பாள். யோகராஜா குரலெடுத்தார். பெயரைச் சொன்னார். மன்னருக்கும் வாரிசுகளுக்கும் சட்டப்படி என்று பதிவதிகாரி சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னார். குரல் அவர் நினைத்ததைவிட உரத்து வந்தது, முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

எல்லாரும் கைதட்டினார்கள். சோமாலியப் பெண்மணி புருஷனைக் கட்டிப்பிடித்தாள். வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள். யோகராஜா மட்டும் நின்றுகொண்டிருந்தார். பதிவதிகாரியின் வாயையே பார்த்துக்கொண்டு, அடுத்த வசனத்துக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

பதிவதிகாரி திரும்பி வந்து, முடிந்துவிட்டது ஐயா, நீங்கள் உட்காரலாம் என்று இங்கிலிஷில் மெதுவாகச் சொன்னார். அவருக்கு விளங்கவில்லை. பிரசாந்தினி பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்தாள்.

"அப்பா, முடிஞ்சுது. இருங்கோ."

"மிச்சம் இருக்கெல்லோ பிள்ளை?"

"இல்லை அப்பா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ," என்றார். மகளைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், திரும்பவும் மகளைப் பார்த்தார். "இவ்வளவுதானோ பிள்ளை?"

கதிரையில் உட்கார்ந்தார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எல்லாரும் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தார்கள். போலந்துக்காரர் முதுகில் தட்டி வாழ்த்துச் சொன்னார். பிரசாந்தினிக்கு மட்டும் காரணம் தெரிந்தது, அவள் பக்கத்தில் நின்றாள். அதற்குப் பிறகு அவருடைய பெயரைக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மன்னரின் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் இருந்தது, அவர் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே அலுமாரியைத் திறந்தார். சீலைகளுக்கு நடுவில் அவள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சான்றிதழை வைத்தார்.

"சொல்லிப்போட்டன் கனகம்," என்றார். "வாய் நோகேல்லை."

அவள் இருந்திருந்தால் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அப்ப போவம் என்று சொல்லிவிட்டு, தங்கச்சிக்குப் போன் எடுக்கக் கண்ணாடியைத் தேடியிருப்பாள். கண்ணாடி ரீவீக்குப் பக்கத்தில், அவள் கடைசியாக வைத்த இடத்திலேயே இருந்தது. யோகராஜா அதை எடுத்துத் துடைத்து, சான்றிதழுக்கு மேலே வைத்து, அலுமாரியைச் சாத்தினார்.